மலைப்பூண்டு மூட்டைக்கு ஒரு டோக்கன்: பிளாக்செயினைப் படம் விற்பதற்கு அப்பால் பயன்படுத்தும் வழி

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பார்கள், அட்டைக்கு ஒன்று. அந்தச் சீட்டை ஒருவர் நகலெடுத்துக் கொண்டுவந்தாலும் பொருள் இரண்டாம் முறை கிடைக்காது. பதிவேட்டில் அந்த அட்டைக்கு நேரே ‘கொடுத்தாயிற்று’ என்று இருக்கும். டோக்கனுக்குப் பலம் கொடுப்பது அந்தப் பதிவேடுதான். பிளாக்செயின் டோக்கனும் அடிப்படையில் இதேதான். பதிவேடு மட்டும் ஒரு கடைக்காரர் மேஜையில் இல்லாமல், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பல கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. எழுதியதை யாரும் பின்னால் போய்த் திருத்த முடியாது.

2021 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் படம் 6.9 கோடி டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, டோக்கன் என்றாலே படம், சூதாட்டம் என்று பலர் மனத்தில் பதிந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐஐடி கான்பூர் தன் பட்டங்களை பிளாக்செயினில் பதிந்து கொடுத்தது. 2019இல் காபி வாரியம் விவசாயியையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கும் பிளாக்செயின் சந்தையைச் சோதனையாகத் தொடங்கியது. இந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி பக்கம் விளையும் மலைப்பூண்டை எடுத்துக்கொண்டு, இருபது முப்பது விவசாயிகள் உள்ள ஒரு குழு முதல் போகத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் மலையை விட்டு மூட்டை இறங்கி, வடுகபட்டி சந்தையில் கைமாறி, மதுரையிலோ சென்னையிலோ கால் கிலோவாகப் பிரியும்போது, அது எந்த ஊர்ப் பூண்டு என்பதற்குச் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. வெளியூர்ப் பூண்டை மலைப்பூண்டோடு கலந்து விற்றால் வாங்குகிறவருக்கு ருசி தெரிந்தாலொழியப் பிடிபடாது. அந்த இடத்தில்தான் டோக்கனுக்கு வேலை.

முதலில், இது தேவையா?

பதிவேட்டை வைத்திருப்பவர் ஒருவரே, அவரை எல்லோரும் நம்புகிறார்கள் என்றால் பிளாக்செயின் வேண்டாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் வாங்கும் இ-பாஸ் அப்படிப்பட்டது: கொடுப்பதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. நீலகிரியில் 2022இல் தொடங்கிய காலி மதுபாட்டில் திட்டமும் அப்படியே. பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கும் 10 ரூபாயைத் திருப்பித் தருவது ஒரே நிறுவனம். பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரே போதுமான டோக்கன். ஒரே ஒரு சாக்லேட் கடை தன் வாடிக்கையாளருக்குப் புள்ளி கொடுக்கவும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பூண்டு அப்படி இல்லை. விவசாயி, குழு, கமிஷன் மண்டி, பொட்டலம் போடுபவர், கடைக்காரர் என்று பலர் இருக்கிறார்கள். யாரும் மற்றவர் கணினியில் இருக்கும் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு கிலோ கூடினால் ஒவ்வொருவருக்கும் லாபம். எல்லோரும் பார்க்கக்கூடிய, ஒருவராலும் திருத்த முடியாத கணக்கு இங்கே உண்மையிலேயே உதவும்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்செயினுக்குப் பூண்டு தெரியாது. 600 கிலோ என்று எழுதினால் 600 என்று காலத்துக்கும் வைத்திருக்கும். அது பொய்யாக இருந்தால் அந்தப் பொய்யையும் அழியாமல் வைத்திருக்கும். ஆகவே முதல் வேலை கணினியில் இல்லை, தராசில்.

எடை போடும் நாள்

ஒரு வீட்டில் ஒரு போகத்தில் காயவைத்த பூண்டு முழுவதும் ஒரு ‘லாட்’. அந்த லாட்டில் எத்தனை கிலோவோ அத்தனை டோக்கன். ஒரு கிலோவுக்கு ஒன்று. ஒவ்வொரு கிலோ பொட்டலமாக வெளியேறும்போதும் ஒரு டோக்கனை அழித்துவிட வேண்டும். டோக்கன் தீர்ந்துவிட்டால் அந்த லாட்டின் பெயரில் இன்னொரு பொட்டலம் போட முடியாது. திட்டம் முழுவதும் இந்த ஒரு வரம்பில்தான் நிற்கிறது.

இதில் முதலில் வரும் தவறு, பிடுங்கிய அன்றே எடை போட்டு டோக்கன் உண்டாக்குவது. பச்சைப் பூண்டு காயக் காய எடை நன்றாக இறங்கும். 800 கிலோவுக்கு டோக்கன் போட்டுவிட்டு, காய்ந்தபின் 600 கிலோதான் இருந்தால், மீதி 200 டோக்கன் பூண்டே இல்லாமல் சும்மா கிடக்கும். வெளியூர்ப் பூண்டு உள்ளே நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான். எனவே காய்ந்து, தாள் உரித்து, விற்கத் தயாரான பிறகே எடை.

இரண்டாவது ஓட்டை விதைப்பூண்டு. அடுத்த நடவுக்கு எடுத்துவைப்பதைப் பிரித்துவிட்டு மீதியை மட்டும் எடை போடுங்கள். அதையும் சேர்த்துக் கணக்கெழுதினால், விதை நிலத்துக்குப் போனபின் அதன் டோக்கன் சந்தைக்குப் போகும்.

மூன்றாவது, பரணில் புகை படத் தொங்கவிட்ட பூண்டு மாதக்கணக்கில் இருக்கும்போது வரும் சேதம். மாதம் ஒருமுறை மீதியை மறுபடி எடை போட்டு, குறைந்த கிலோவுக்கு டோக்கனை அழித்து, ‘சேதம்’ என்று காரணம் எழுத வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் கணக்குக்கும் பரணுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும்.

தராசு எடையளவு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு. எடை போடும்போது லாட்டின் சொந்தக்காரர் தவிர வேறு இரண்டு வீட்டார் உடன் இருக்கட்டும். தராசின் எண்ணைப் படம் எடுங்கள். நோட்டில் தேதி, லாட் எண், கிலோ எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். லாட் எண்ணுக்கு எளிய முறை, ஆண்டு, மாதம், வரிசை: 26060017 என்றால் 2026 ஜூன், 17ஆவது லாட். சிக்னல் இல்லாத ஊர்களில் இந்த நோட்டே முதல் பதிவு. வாரம் ஒருநாள் சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம்.

சாவி யாரிடம்?

பிளாக்செயினில் எழுத ஒரு ‘வாலட்’ வேண்டும். மெட்டாமாஸ்க் என்ற வாலட் செயலியை அதன் அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். அது 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அந்தச் சொற்கள்தான் சாவி. செல்போன் தொலைந்தால் அவற்றை வைத்து வாலட்டை மீட்கலாம். வேறொருவர் பார்த்துவிட்டால் எல்லாமே அவர் கைக்குப் போய்விடும். போனில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மலை ஈரத்தில் மை கலங்கும் என்பதால் பென்சிலால் எழுதி, கையோடு பிளாஸ்டிக் உறையிலிட்டு, இரண்டு வீட்டில் வைக்கவும். உதவி மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி இந்தச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர்தான்.

குழுவின் உரிமை ஒருவர் போனில் இருக்கக் கூடாது. ‘சேஃப்’ என்ற கூட்டு வாலட் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் வாலட்டையும் அதில் சேர்த்து, மூவரில் இருவர் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும் என்று அமைக்கலாம். வங்கிக் கணக்கில் கூட்டுக் கையெழுத்து போல. ஒருவர் போன் குளத்தில் விழுந்தாலும் மற்ற இருவர் சேர்ந்து ஆளை மாற்றிக்கொள்ளலாம். எத்தீரியம், பாலிகான் என்று தனித்தனி பிளாக்செயின்கள், அதாவது சங்கிலிகள், பல உண்டு. சேஃபை எந்தச் சங்கிலியில் உண்டாக்குகிறீர்களோ அங்கே மட்டும்தான் அது இருக்கும். எத்தீரியத்தில் உண்டாக்கிவிட்டு, பாலிகானில் அதே முகவரிக்கு எதையாவது அனுப்பினால் எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளலாம்.

எந்தச் சங்கிலி, எவ்வளவு செலவு?

எத்தீரியம் பெயர்பெற்றது, ஆனால் நெரிசல் நேரத்தில் ஒரு பதிவுக்கே பூண்டு விலை ஆகிவிடும். இந்த வேலைக்கு பாலிகான் போதும். அதன் கட்டண நாணயம் ‘பால்’. முன்பு மேட்டிக் என்ற பெயரில் இருந்தது. கட்டணக் கணக்கு எளிது: பதிவு எவ்வளவு ‘கேஸ்’ (கணினி வேலையின் அளவு) எடுக்கிறதோ அதை அன்றைய விலையால் பெருக்க வேண்டும். விலை ‘க்வே’ என்ற சிறு அலகில் இருக்கும்; 100 கோடி க்வே சேர்ந்தால் 1 பால். கூட்டு வாலட் வழியாக ஒரு லாட்டைப் பதிய ஏறக்குறைய 1,00,000 கேஸ் என்று வைத்துக்கொள்வோம். க்வே 30 என்றால் 30 லட்சம் க்வே, அதாவது 0.003 பால். 10 பால் கையிலிருந்தால் மூவாயிரம் பதிவுக்கு மேல் தாங்கும். நெரிசலில் விலை பத்து மடங்கானாலும் முந்நூறு பதிவு.

பால் வாங்க, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் அடையாள ஆவணம் கொடுத்துக் கணக்கு திறக்க வேண்டும். வாலட்டுக்கு மாற்றும்போது நெட்வொர்க் என்ற இடத்தில் பாலிகானைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை 1 பால் மட்டும் அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஒப்பந்த நிரல்

டோக்கனை உண்டாக்கும், அழிக்கும் விதிகளை எழுதிச் சங்கிலியில் ஏற்றிவைக்கும் நிரல்தான் ஒப்பந்த நிரல். டோக்கன்களுக்குப் பரவலாக மூன்று அச்சு உண்டு. ஈஆர்சி-20 நாணயம் போல, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாதது. ஈஆர்சி-721 ஒவ்வொன்றும் தனி. படங்களை விற்றது இதில்தான். பூண்டுக்குப் பொருந்துவது ஈஆர்சி-1155. இதில் ஒவ்வொரு லாட்டுக்கும் தனி எண், அந்த எண்ணுக்குள் எத்தனை கிலோ என்ற அளவு.

நிரலை வெறும் தாளிலிருந்து எழுதத் தேவையில்லை. ஓப்பன்செப்பெலின் தளத்தின் ‘விஸார்ட்’ பக்கத்தில் ஈஆர்சி-1155ஐத் தேர்ந்து, உண்டாக்குதல், அழித்தல், மொத்த அளவைக் கண்காணித்தல், அவசர நிறுத்தம் ஆகிய நான்கையும் குறித்தால் நிரல் தயார். உரிமைப் பகுதியில் ‘ரோல்ஸ்’ என்பதைத் தேர்ந்து, எல்லா உரிமையையும் சேஃப் முகவரிக்குக் கொடுங்கள். ‘அப்கிரேடபிள்’ என்பதைக் குறிக்காதீர்கள். விதியையே பின்னால் மாற்றலாம் என்றால் மண்டிக்காரர் ஏன் நம்ப வேண்டும்?

ஆனால் விஸார்ட் தரும் நிரலை அப்படியே ஏற்றினால் நம் வேலை நடக்காது. உண்டாக்கும் உரிமை உள்ளவர் அதே லாட் எண்ணில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூடுதல் டோக்கன் போடலாம். இன்று 600, நாளை இன்னொரு 300. வரம்பே இல்லை. இதைத் தடுக்கச் சிலர் அதிலேயே இருக்கும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ சோதனையைச் சேர்ப்பார்கள். அது அந்த எண்ணில் இப்போது டோக்கன் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 600ம் விற்று அழிந்தவுடன் ‘இல்லை’ என்று சொல்லும், அதே எண் மறுபடி திறந்துகொள்ளும். சரியான வழி, ஒவ்வொரு லாட் எண்ணுக்கும் ‘பதிந்தாயிற்று’ என்று ஒரு தனிக் குறியை நிரலில் வைத்து, குறி விழுந்த எண்ணில் மறுபடி உண்டாக்க மறுப்பது. மொத்தமாக உண்டாக்கும் ‘மின்ட்பேட்ச்’ பகுதியை நீக்கிவிடுங்கள். அந்த வழியை மறந்து திறந்து விட்டுவிட்டால் முன்வாசலைப் பூட்டியும் பயனில்லை. ஒரே நாளில் பல லாட் ஏற்ற வேண்டுமானால் சேஃபிலேயே பல பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் வசதி இருக்கிறது.

கணினி படித்த ஊர்ப்பிள்ளை ஒருவருக்கு இது ஓரிரு நாள் வேலை. உலாவியிலேயே இயங்கும் ரீமிக்ஸ் என்ற கருவியில் நிரலை வைத்து, பாலிகானின் சோதனைச் சங்கிலியான ‘அமாய்’யில் முதலில் ஏற்றுங்கள். அங்கே இலவச நாணயம் கிடைக்கும். ஒரு லாட்டை 5 கிலோவில் உண்டாக்கி, ஐந்தையும் அழித்து, அதே எண்ணில் மறுபடி உண்டாக்கிப் பாருங்கள். மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் உண்மைச் சங்கிலிக்குப் போகாதீர்கள். அங்கே ஏற்றியபின் நிரலைப் பாலிகான்ஸ்கேன் என்ற, பாலிகான் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய தளத்தில் சரிபார்ப்புக்குக் கொடுத்து எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவதும் உங்கள் கடமை.

ஏற்றிய பதிவு சிலசமயம் ‘நிலுவை’ என்றே நிற்கும். பதற்றத்தில் மறுபடி புதிதாக அனுப்பாதீர்கள். ஒரு வாலட்டின் பதிவுகள் வரிசை எண்படியே போகும்; முன்னது நகராமல் பின்னது நகராது. மெட்டாமாஸ்கில் அதே பதிவுக்குக் கட்டணத்தை உயர்த்தி வேகப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் போதும்.

பையில் ஒட்டும் லேபிள்

வெறும் க்யூஆர் குறியை யாரும் ஜெராக்ஸ் எடுத்து வேறு பூண்டுப் பையில் ஒட்டலாம். ஆகவே லேபிளில் இரண்டு பகுதி வேண்டும். மேலே எல்லோரும் பார்க்கும் க்யூஆர்: லாட் எண், ஊர், எடைபோட்ட நாள், மொத்தம் எத்தனை கிலோ, இதுவரை எத்தனை வெளியேறியது என்று காட்டும் பக்கம். கீழே சுரண்டிப் பார்க்கும் ரகசியக் குறியீடு. ரீசார்ஜ் கார்டைச் சுரண்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரகசியக் குறியீடு நான்கு இலக்கமாக இருந்தால் மொத்தமே 10,000 சாத்தியம். எல்லாவற்றையும் ஒரு நிரல் நொடியில் முயன்று பார்த்துவிடும். குறைந்தது 16 எழுத்தாக, கணினி குலுக்கிப் போட்டதாக இருக்கட்டும். குறியீடுகளை அப்படியே எங்கும் வெளியிடாமல், ஒவ்வொன்றின் எஸ்ஹெச்ஏ-256 சுருக்கத்தை (கைரேகை போல, அதிலிருந்து மூலக் குறியீட்டைக் கண்டுபிடிக்க முடியாத எண்) மட்டும் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, அந்தக் கோப்பின் சுருக்கத்தை டோக்கன் அழிக்கும் பதிவோடு சேர்த்து ஏற்றுங்கள். பின்னால் கோப்பில் ஒரு வரியைக் கூட்டினாலும் சுருக்கம் மாறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கியவர் குறியீட்டைப் பக்கத்தில் அடித்தால், முதல் தடவை ‘சரி’ என்றும், அடுத்த தடவை ‘இது இன்ன தேதியில் திறக்கப்பட்டுவிட்டது’ என்றும் வரும். இந்தத் திறந்த தேதி குழுவின் சர்வரில்தான் இருக்கும், சங்கிலியில் அல்ல. அதை அந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

600 டோக்கனுக்கு 600 லேபிள்தான். அச்சில் கெட்டதை எண்ணி வாங்கிக் கிழித்துவிடுங்கள். அச்சகத்தில் குறியீட்டுக் கோப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

லேபிள் இருப்பதால் மற்றவை போய்விடாது. பொட்டலத்தில் எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் வழக்கம்போல் வேண்டும். புவிசார் குறியீட்டின் பெயரைப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவதும் தனி வேலை.

சங்கிலியில் ஏற்றக் கூடாதவை

விவசாயியின் பெயர், ஆதார், போன் நம்பர், சர்வே நம்பர் எதையும் ஏற்றாதீர்கள். லாட் எண் போதும். எந்த எண் எந்த வீடு என்பது குழு நோட்டில் இருக்கட்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை நீக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. சங்கிலியில் நீக்குதல் என்பதே கிடையாது. தராசுப் படங்களை ஐபிஎஃப்எஸ் என்ற பொதுச் சேமிப்பில் வைக்கலாம். ஆனால் யாராவது ‘பின்’ செய்து வைத்திருக்கும் வரைதான் படம் கிடைக்கும். சந்தா கட்டாமல் விட்டால் முகவரி மட்டும் மிஞ்சும். ஒரு பிரதியைக் குழுவின் பென்டிரைவிலும் வையுங்கள்.

எடையைத் தப்பாக ஏற்றிவிட்டால்? அந்தப் பதிவை நீக்க முடியாது. அந்த லாட்டின் டோக்கன் முழுவதையும் அழித்து, ‘பிழை’ என்று காரணம் எழுதி, புது எண்ணில் சரியான எடையை ஏற்றுங்கள். பார்ப்பவருக்கு இரண்டும் தெரியும். தெரியட்டும்.

பணம் கலந்தால்

மேலே சொன்ன டோக்கன் விற்பனைக்கு அல்ல, கணக்குக்கு. அதை யாரும் வாங்கி விற்க ஆரம்பித்தால் நிலைமை மாறும். 2022 முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, கைமாறும்போது 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பரிசுக் கூப்பன், வாடிக்கையாளர் புள்ளி போன்றவற்றையும், சட்டப்படி உண்மைப் பொருளின் உரிமையையே மாற்றித் தரும் டோக்கனையும் 2022 ஜூன் 30 அறிவிக்கைகள் இந்த வரையறையிலிருந்து விலக்கின. உங்கள் டோக்கன் எந்தப் பக்கம் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளையாத பூண்டின் மேல் டோக்கன் விற்று, ‘அறுவடையில் லாபம் தருகிறோம்’ என்று பணம் திரட்டுவது வேண்டவே வேண்டாம். அது முதலீட்டுத் திட்டமாகவோ டெபாசிட்டாகவோ கருதப்பட்டு, செபி விதிகளிலும் 2019ஆம் ஆண்டு டெபாசிட் தடைச் சட்டத்திலும் மாட்டும். ஊர்க்காரர் பணம் போனால் குழுவும் போய்விடும்.

இதே வழியில் வேறென்ன?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபிக்கு இதே ஈஆர்சி-1155 அப்படியே பொருந்தும். பழத்திலிருந்து பருப்பு வரை ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறைவதால், கட்டத்துக்கு ஒரு புது எண் போட்டு, பழையதை அழித்தபின் புதியதை உண்டாக்க வேண்டும்.

பயிற்சிச் சான்றிதழுக்குக் கைமாற்ற முடியாத டோக்கன் ஏற்றது. விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தில் சாதிச் சான்றிதழ்களை 2022இல் பாலிகானில் பதிந்தது இந்த நோக்கத்தில்தான்: போலியைக் கண்டுபிடிக்க அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். பத்து சாக்லேட் கடைகள் சேர்ந்து ஒரே புள்ளி கொடுத்து, எந்தக் கடையிலும் செலவழிக்க விடுவதானால் ஈஆர்சி-20 வேலை செய்யும். மாதக் கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற தகராறுக்குப் பொதுக் கணக்கு பதில் சொல்லும்.

நீலகிரியில் தோடர் எம்பிராய்டரி சால்வை போல ஒரே ஒரு பிரதியாக, விலை உயர்ந்ததாக இருக்கும் பொருளுக்கு ஈஆர்சி-721 வைத்து, லேபிளுக்குப் பதில் போனை அருகில் கொண்டுபோனால் படிக்கும் என்எஃப்சி சில்லு பயன்படுத்தலாம். என்டேக் 424 வகைச் சில்லு போனைத் தொடும் ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டைத் தருவதால் ஜெராக்ஸ் பலிக்காது. சில்லைத் தனிச் சீட்டில் தொங்கவிட்டால் சீட்டை அறுத்து வேறு சால்வையில் கட்டிவிடுவார்கள். நெய்த துணியின் மடிப்புக்குள் வைத்து, பிரித்தால் தையல் கிழிந்து தெரியும்படி அந்தப் பெண்கள் கையாலேயே தைத்துவிட வேண்டும். துவைப்பதைத் தாங்கும் உறையிட்ட சில்லு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்கர் சில்லு தண்ணீரில் ஊறினால் நெடுநாள் நிற்காது.